வாசகர் கேள்வி–பதில்: தொட்டி, குழாய், போர்வெல், புதர்

டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வாராவாரம் வந்து தொட்டியை எட்டிப் பார்க்கிறார்கள். புகை மருந்து மட்டும் அடிப்பதே இல்லை. புகை அடித்தால்தானே கொசு சாகும்?
– வாசகி, சத்துவாச்சாரி

புகை, அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் போய் உட்கார்ந்துகொள்ளும். தெருவில் அடிக்கிற புகை அங்கே சரியாகப் போய்ச் சேராது. தண்ணீரில் கிடக்கும் புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். வாராவாரம் வருவதற்குக் காரணம் அதுதான். டெங்கு உறுதியான வீட்டைச் சுற்றிப் புகை அடிக்கத்தான் வேண்டும். ஆனால் புழுவை விட்டுவிட்டுப் புகையை மட்டும் அடித்தால் மறுவாரமே கொசு திரும்பிவிடும்.

தொட்டியில் ஊற்றும் அபேட் மருந்தின் அளவு, லிட்டருக்கு 1 மில்லிகிராம். அது புழுவைக் கொல்லும். தலை பெருத்துச் சுருண்டு துள்ளுகிற கூட்டுப்புழு எதையும் தின்னாது. அதனிடம் இந்த மருந்து அவ்வளவாக எடுபடாது. கூட்டுப்புழுவைப் பார்த்தால் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு ஆகியவற்றையும் பாருங்கள்.

நூறு வீட்டுக்கு எத்தனை வீட்டில் புழு இருந்தது என்று கணக்கெடுத்துத்தான் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். "எங்க வீட்ல ஒண்ணும் இல்லீங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். தயவுசெய்து உள்ளே விடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் சில நாள் மருந்து வாடை, சில நாள் சாக்கடை வாடை. எங்கள் தெருவில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. யாரிடம் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், குடியாத்தம்

மருந்து வாடை என்பது குளோரின் வாடை; அதற்குப் பயப்பட வேண்டாம். அது இல்லாத நாளில்தான் கவலைப்பட வேண்டும்.

புதிய பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது கள அளவு; 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம். பக்கெட்டில் கூழாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்கலாம். தவறு பெரும்பாலும் மூன்று இடங்களில் நடக்கிறது. வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் ஈரமும் வெயிலும் பட்டு வீரியம் போய்விடுகிறது. பார்க்க வெள்ளைத் தூள்தான், குளோரின் இருக்காது. மருந்து போட்ட பிறகும் மோட்டார் ஓடி, புதுத் தண்ணீர் சேர்கிறது. அரை மணி நேரம் காத்திருப்பதில்லை.

தெருக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். நோய் பரவும் நாளில் 0.5. சுகாதார ஆய்வாளர் கையிலுள்ள, குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும்; உடனே நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். தொட்டிக்கு அருகில், நடுத்தெருவில், கடைசி வீட்டில் என மூன்று இடங்களில் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்கு அருகில் குளோரின் இருந்து, கடைசி வீட்டில் இல்லையென்றால், நடுவில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் நின்றதும் காலிக் குழாய் கழிவை உள்ளே இழுக்கும்; குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன.

இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நகராட்சி சுகாதாரப் பிரிவுக்கோ நோயாளிகளின் தெரு, நோய் தொடங்கிய தேதி, தண்ணீர் எடுத்த குழாய் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். 104-லும் சொல்லலாம். கூடுதலாக மருந்து போடுவதற்கு முன்பே தண்ணீர் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அதிகாரி வருகிறார் என்று அவசரமாகப் பிளீச்சிங் கொட்டினால் கிருமி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அதுவரை தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு, ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் முழுதாக ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கலக்கக் கூடாது.

எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? பக்கத்தில் தோல் தொழிற்சாலைகள் இருக்கின்றன.
– வாசகர், ராணிப்பேட்டை

பரிசோதிக்காமல் வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தோல் தொழிற்சாலைக் கழிவிலிருந்து வரும் உப்பும் குரோமியமும் அப்படியே இருக்கும். நீர் ஆவியாகக் குறைவதால் அவற்றின் அடர்த்தி கூடவும் செய்யும். பாலாற்றுப் படுகையின் இந்தப் பாதிப்புக்காகத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. இந்தியத் தரநிலைப்படி குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கரைந்த உப்புகள் 500-க்குள் இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை. இவ்வளவு சிறிய அளவில் குரோமியம் கண்ணுக்குத் தெரியாது; தண்ணீரில் மஞ்சள் தட்டவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான இரண்டு லிட்டர் கேனை அதே நீரில் மூன்று முறை அலசி நிரப்பி, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். குரோமியம் பார்க்க வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். வழக்கமான பரிசோதனையில் அது சேராமல் போகலாம்.

உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். வீட்டு நாயை விட்டுவிட வேண்டுமா?
– வாசகி, அணைக்கட்டு

வேண்டாம். ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் இந்த உண்ணிக் காய்ச்சல் நாயின் மேல் ஒட்டும் உண்ணியால் வருவதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. எலி நடமாட்டம் உள்ள இடத்தில் அது பெருகும். வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுங்கள், விறகுக் குவியலைத் தள்ளி வையுங்கள், வயல் வேலை முடிந்ததும் குளித்து உடுப்பைத் துவைக்கப் போடுங்கள். காய்ச்சலோடு அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பு மடிப்பு ஆகிய இடங்களில் வலியில்லாத கறுத்த பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் என்ற மருந்துக்கு நன்றாகக் கேட்கும் நோய் இது. கர்ப்பிணி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்து மாறும்.