கண்ணை மூடுறதுக்குள்ள

கேள்வி: எனக்கு 47 வயது. ஆபீசில் 11 வருடம் பக்கத்து சீட்டில் இருந்த நண்பர் மூன்று மாதம் முன்பு மாரடைப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து ராத்திரி படுத்தாலே சாவு நினைப்புதான். ஊரில் அண்ணனோடு பாகப்பிரிவினைத் தகராறு, ஆறு வருடமாகப் பேச்சில்லை. அதுவும் சேர்ந்து உறுத்துகிறது. மனைவியிடம் சொன்னால், ‘வாயில நல்ல வார்த்தையே வராதா?’ என்கிறாள். இப்படி நினைப்பது தப்பா?

- பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: நினைப்பில் தப்பில்லை, நேரம்தான் தப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேனைப் பார்த்துக்கொண்டு நினைத்தால் ‘ஐயோ’வில்தான் போய் முடியும். காலையில் காபி குடித்துவிட்டு நினையுங்கள்.

என் அம்மாச்சி தன் சாவுச் செலவுக்கென்று மஞ்சள் பையில் பணம் முடிந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ‘வர்றவங்களுக்குக் காபித்தண்ணியாவது குடுத்து அனுப்புங்கடா’ என்பார், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே. ‘நான் கண்ணை மூடுறதுக்குள்ள...’ என்று ஆரம்பித்தால் வீடே உஷாராகிவிடும். பின்னாலேயே யாருக்காவது ஒரு வேலை வரும். ஒருமுறை வேலை அவருக்கே வந்தது: ‘தங்கச்சி கையால ஒரு வாய் சாப்பிடணும்.’ ஒரு ஜோடித் தோட்டுக்காக இருபது வருடம் முகம் பார்க்காத தங்கச்சி. தனியாக பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: ‘ரசத்துல உப்பு கூட. அவ மாறவே இல்ல.’ அப்புறம் ஒன்பது வருடம் இருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த உப்பு ரசம்.

1896-ல் மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனுக்குத் திடீரென்று சாவு பயம் பிடித்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்தான். ஆறு வாரத்தில் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டான். அவர்தான் ரமணர். உங்களை அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை, வீட்டுக்கடன் இ.எம்.ஐ. இருக்கும். பயத்துக்கு முகம் கொடுத்தான் பாருங்கள், அந்தத் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப்., பேங்க் கணக்குகளில் நாமினி யார்? கல்யாணத்துக்கு முன் போட்ட பெயரே இருக்கப்போகிறது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி, நீங்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் செல்லும். பதிவும் கட்டாயமில்லை. மனைவியிடம் சாவைப் பேசாதீர்கள். ‘உன் பேரைச் சேர்த்துட்டு வந்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

பி.பி., சுகர், இ.சி.ஜி. ஒருமுறை பார்த்துவிடுங்கள். தூக்கமின்மையும் படபடப்பும் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

அண்ணனுக்கு இந்த ஞாயிறு போன் போடுங்கள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அது வக்கீல்கள் பாடு. ‘சாப்டியாண்ணே?’ என்று மட்டும் கேளுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போடுங்கள்.