பெரிய ரியூப் ரீவியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: கேள்வி பதில்

திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேலாக ரீவி திருத்துகிறேன். என் வீட்டு முன்னறையில் இன்றும் ஓடுவது 29 அங்குல ரியூப் பெட்டிதான். கேட்டவர்களின் கேள்விகளைச் சுருக்கி, அவரவர் ஊர்ப் பெயரோடு போட்டிருக்கிறேன்.

உப்புவெளி: அண்ணா, மாரி தொடங்கியதிலிருந்து ரீவியைப் போட்டதும் பின்பக்கம் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஒரு மாதிரி மணமும் வருகிறது. பயமில்லையா?

தங்கச்சி, அது கடல் காற்றின் வேலை. ரியூப்பின் மேற்பக்கத்தில் தடித்த வயர் ஒன்று ரப்பர் தொப்பிக்குள் இறங்கும். பெரிய கலர் ரியூப்பில் அந்த இடத்தில் 25,000 முதல் 30,000 வோல்ட் வரை இருக்கும். கச்சான் காற்று வீசும் காலம் முழுவதும் தூசும் உப்பும் தொப்பியைச் சுற்றிப் படிகின்றன. மாரி வந்ததும் அந்த உப்பு ஈரத்தை இழுக்க, கண்ணாடியின் மேலால் கரண்ட் கசியத் தொடங்கும். அந்தக் கசிவுதான் சத்தம். மணம் ஓசோனுடையது. இரவில் லைட்டை அணைத்துவிட்டு, பின்மூடியின் துளைகளைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள், ஊதா நிறத்தில் மினுங்குவது தெரியக்கூடும்.

பெட்டி சூடேறினால் ஈரம் காய்ந்து சத்தம் நிற்கும். அதனால்தான் பலர் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் ரப்பர் கருகும், பிறகு அந்த உயர் வோல்ட்டைக் கொடுக்கும் ஃப்ளைபேக்கும் போகும். இப்போதே திருத்துபவரைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை. ரியூப்பில் தேங்கி நிற்கும் கரண்டை இறக்கி, தொப்பியைக் கழற்றி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கன் கிரீஸ் பூசி மாட்டுவார்.

நீங்கள் மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றினாலும் ரியூப் கண்ணாடி கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். தொழில் பழகிய காலத்தில், முதல் நாள் பின்னேரம் கழற்றி வைத்த பெட்டியை மறுநாள் காலை கரண்டை இறக்காமல் தொட்டேன். அடி தாங்கக்கூடியதுதான், ஆனால் கை தானாக உதறி ரியூப்பின் கழுத்தில் பட, கழுத்து முறிந்தது. காற்று உள்ளே போன அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. நல்ல ரியூப் ஒன்று அத்தோடு முடிந்தது.

பெட்டியைக் கடல் பக்க யன்னலருகே வைக்காதீர்கள். சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்கட்டும். மாரியில் பார்க்காவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் போட்டு விடுங்கள், உள்ளே ஈரம் தங்காது. துணி மூடுவதென்றால் சூடு ஆறிய பிறகு.

கிண்ணியா: தம்பி, ஜப்பானிலிருந்து வந்த பழைய பெரிய ரீவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

நானா, அது 100 வோல்ட் பெட்டியாக இருக்கும். நேரே நம்முடைய 230 வோல்ட்டில் குத்தினால் அந்த நிமிடமே போய்விடும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டால் கரண்ட் பிரச்சினை தீரும், ஆனால் அடுத்த சிக்கல் படத்தில் இருக்கிறது. படம் அனுப்ப ஜப்பானில் அந்தக் காலத்தில் இருந்தது என்.டி.எஸ்.சி (NTSC) முறை, இங்கே பால் (PAL) முறை. ஜப்பானுக்கென்றே செய்த பெட்டியில் நம்முடைய சனல்கள் நிறமில்லாமல் வரும், அல்லது படம் உருளும். பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி பூட்டுவதற்கென்றால் எடுங்கள். வீட்டாருக்குச் செய்தியும் நாடகமும் பார்க்கவென்றால் வேண்டாம்.

உவர்மலை: ஒரு மூலையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை. ரியூப் போய்விட்டதா?

பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் காந்தம் ரியூப்பின் உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புத் தகட்டைக் காந்தமாக்கிவிடும், நிறம் இடம் மாறி விழும். ஸ்பீக்கரை மூன்றடி தள்ளுங்கள். ரிமோட்டால் அல்ல, பெட்டியின் பெரிய சுவிட்ச்சையே அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். ‘டும்’ என்று கேட்கிறதே, அது உள்ளே இருக்கும் கொயில் காந்தத்தை எடுக்கும் சத்தம். நாலைந்து தரம் இப்படிச் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

சாம்பல்தீவு: சனல் எடுக்கும் புது செட்-டொப் பெட்டியிலிருந்து, பழைய ரீவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கொன்வேட்டர் வழியாக மெட்ச் பார்க்கிறோம். ஸ்கோர் பாதி வெட்டுப்படுகிறது.

ரியூப் ரீவிகள் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் மறைத்துத்தான் காட்டும், அப்படித்தான் செய்யப்பட்டவை. அந்த செட்-டொப் பெட்டியின் மெனுவில் 4:3 லெட்டர்பொக்ஸ் என்று மாற்றுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், ஸ்கோர் முழுதாகத் தெரியும். கொன்வேட்டரின் சிறிய சுவிட்ச் பால் பக்கம் இருக்கட்டும்.

அலஸ்தோட்டம்: சொனி ட்ரினிட்ரோனில் குறுக்கே இரண்டு மெல்லிய கோடுகள்.

பழுது இல்லை. உள்ளே இருக்கும் நுண்கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் இரு கம்பிகளின் நிழல் அது. வெள்ளைத் திரையில்தான் கண்ணில் படும்.

லிங்கநகர்: வீடு மாறினோம். இப்போது படம் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. ஏற்றி இறக்கும்போது அடிபட்டதா?

பழைய வீட்டில் பெட்டி எந்தத் திசையைப் பார்த்து நின்றது, இங்கே எந்தத் திசை? திசை மாறினால் பூமியின் காந்தம் பெரிய ரியூப்பில் படத்தை இலேசாகத் திருப்பும். மெனுவில் படம் திருப்பும் இடம் இருந்தால் அதிலேயே சரி செய்யலாம்.

இன்னொரு முறை தூக்குவதென்றால் இரண்டு பேர் வேண்டும். 29 அங்குலப் பெட்டி 45, 50 கிலோ வரும். பாரம் முழுக்க முன் கண்ணாடியில்தான், ஆகவே திரையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் உயரமான ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம். லாச்சியை இழுத்து ஏறும் பிள்ளையின் மேல் அந்தப் பாரம் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூதூர்: ரியூப்பே போய்விட்டது. எங்கே எறிவது?

எறியாதீர்கள் ஐயா. பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பெரிய ரியூப்பில் கிலோக் கணக்கில். செம்புக்காக ரியூப்பைப் பற்றைக்குள் போட்டு உடைப்பதைக் கண்டிருக்கிறேன். உள்ளே காற்றே இல்லாததால் கண்ணாடி உள்ளே இடிந்து நாலா பக்கமும் தெறிக்கும். முழுதாகவே மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். அதற்கு முன் ஒருவரைக் கொண்டு போர்ட்டையும் ஃப்ளைபேக்கையும் கழற்றி வைத்தால் நல்லது. அதே மொடல் பெட்டி யாரிடமாவது சீறிக்கொண்டிருந்தால், இனிக் கடையில் கிடைக்காத சாமானுக்கு உங்களிடம்தான் வருவேன்.