நன்றாக நீந்தத் தெரிந்தால் லைஃப்கார்டு ஆகிவிடலாமா?

வயது 17, நன்றாக நீந்துவேன், லைஃப்கார்டு (தண்ணீரில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றும் காவலர்) பயிற்சிக்குப் போகலாமா, கடினமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் நானும் இதே நினைப்பில்தான் போனேன். பள்ளி நீச்சல் அணியில் இருந்தவன் என்பதால், பத்து சுற்று நீந்திக் காட்டினால் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று கிட்டத்தட்ட நம்பியிருந்தேன்.

அந்த நினைப்பை ஒரு செங்கல் கலைத்தது. ரப்பர் பூசிய செங்கல், எடை சுமார் 4.5 கிலோ. குளத்தின் ஆழமான பக்கத்தில் தரையோடு கிடக்கும். நீந்திப் போய், மூழ்கி, அதை எடுத்து, இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, மல்லாந்தபடி காலை மட்டும் உதைத்துத் திரும்பி வர வேண்டும். நீச்சல் கண்ணாடி கூடாது. ஏணியைப் பிடிக்காமல் கரையேற வேண்டும். எல்லாம் 1 நிமிடம் 40 வினாடிக்குள். கையை வீசியே பழகிய எனக்கு, கையைப் பறித்துக்கொண்டால் பாதி நீச்சல் போய்விட்டது. முதல் தடவை நடுக்குளத்தில் மூக்கில் தண்ணீர் ஏறி, செங்கலை நழுவவிட்டேன். அடுத்த முறை செங்கலைக் கொஞ்சம் கீழே, வயிற்றுப் பக்கம் இறக்கிப் பிடித்ததும்தான் முகம் மேலே நின்றது.

பிறகு நிலைநீச்சல். கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு 2 நிமிடம் இருந்த இடத்திலேயே மிதக்க வேண்டும். கேட்க எளிது. ஒன்றரை நிமிடத்தில் தொடை கெஞ்சும்.

போட்டி நீச்சல்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வேகத்துக்காக முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்துவது நம் பழக்கம். இங்கே தலையைத் தூக்கி, கண்ணை மூழ்குகிற ஆள் மேலேயே வைத்துக்கொண்டு நீந்தச் சொல்வார்கள். குதிப்பதுகூட அப்படித்தான். கால்களைக் கத்தரிபோல் முன்னும் பின்னும் விரித்துக் குதித்தால் தலை மூழ்காது. பார்வை விலகிய நேரத்தில் அவர் அமிழ்ந்துவிட்டால், எந்த இடம் என்று தேட வேண்டியதாகிவிடும். அதையும்விட முக்கியம், முடிந்தவரை தண்ணீரில் இறங்கவே கூடாது என்பது. கம்பு நீட்ட முடியுமா, மிதவை வீச முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் குதிக்க வேண்டும். மூழ்குகிறவர் கைக்குக் கிடைப்பது எதுவானாலும் அதன்மேல் ஏறப் பார்ப்பார், நம் தலை உட்பட. அப்படிப் பிடித்துக்கொண்டால் மூச்சை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடச் சொல்லித் தந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று, நம்மோடு கீழே வர மாட்டார், பிடி தளரும். இந்தப் பயிற்சியில் எனக்கு ஜோடியாக வந்தவன் என்னைவிட 20 கிலோ கூடுதல். மூழ்குகிறவனாக நடிப்பதில் அபார ஈடுபாடு வேறு.

ஆனால் நான் கோட்டை விட்டது இவை எதிலும் இல்லை, பார்ப்பதில். 10 வினாடிக்குள் உங்கள் பகுதி முழுவதையும் கண்ணால் துழாவ வேண்டும், அடுத்த 20 வினாடிக்குள் ஆளிடம் போய்ச் சேர வேண்டும் என்று எங்களுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். ஆறாம் நாள் பயிற்சியாளர் என்னை உயரமான நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மற்றவர்களைக் குளத்தில் விளையாட விட்டார். தூரத்து மூலையில் இருவர் "காப்பாத்துங்க" என்று கத்திக்கொண்டு தண்ணீரை வாரி அடித்தார்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்தேன். நடிக்கிறார்களா, நிஜமா என்று யோசனை.

பயிற்சியாளர் பேசாமல் ஸ்டாப்வாட்ச்சை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 26 வினாடி. குனிந்து பார்த்தால், என் நாற்காலிக்கு நேர் கீழே, தண்ணீருக்கடியில், குளத்தின் தரையோடு தரையாக எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிரான்செஸ்கோ பியா என்ற அமெரிக்க லைஃப்கார்டு, 1970களில் கடற்கரை மீட்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்து எழுதியதை அன்றுதான் விளக்கினார்கள். நிஜமாக மூழ்குகிறவரால் பெரும்பாலும் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணம் மூச்சு வாங்கவே போதாது. கையை ஆட்டிக் கூப்பிடவும் முடியாது, இரண்டு கைகளும் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். உடல் நட்ட குச்சிபோல் நிற்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும். இந்தப் போராட்டம் நீடிப்பது 20 முதல் 60 வினாடி. சத்தம் வரும் பக்கம் திரும்பிப் பழகிய கண்ணுக்கு இதில் எதுவுமே படாது.

சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முதலுதவி, அந்த வகுப்பைப் பற்றிச் சுருக்கமாக. மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது அமுங்கும்படி அழுத்த வேண்டும். 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. மூழ்கியவருக்கு முதலில் மூச்சுக் கொடுத்துவிட்டுத்தான் அழுத்தத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவர் இதயம் நின்றது ஆக்ஸிஜன் கிடைக்காமல். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது, தலைகீழாகத் தூக்குவது எல்லாம் கூடவே கூடாது. வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஆகவே, தாராளமாகப் போங்கள். போகுமுன் தலையைத் தூக்கி நீந்தவும், கை இல்லாமல் மல்லாந்து நீந்தவும் பழகுங்கள். செங்கலுக்குத் தயாராகிறேன் என்று வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு அடியில் அடக்கிப் பார்க்காதீர்கள். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும், நன்றாக நீந்துகிறவர்களுக்கும்தான்.

சி.பி.ஆர். நாளன்று முழங்காலை மூடும் உடை அணிந்து போங்கள். அழுத்திப் பழகும் பொம்மைக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் மண்டியிட வேண்டியிருக்கும். நான் அரைக்கால் சட்டையில் போய், ஒரு வாரம் தோலுரிந்த முட்டியோடு நடந்தேன்.