கருவின் நடு அடுக்கு: நீங்கள் கேட்டவை

கருவில் உடலின் உறுப்புகள் உருவாகும் புற, நடு, அக என்ற மூன்று செல் அடுக்குகளும் ஒரே நேரத்தில் உருவாகிவிடுமா?

இல்லை. மனிதக் கருவில் இரண்டாவது வாரக் கடைசி வரை மேல்தகடு, கீழ்த்தகடு என்று இரண்டே செல் தகடுகள்தான். மூன்றாவது வாரத்தில் மேல்தகட்டில் ஒரு கோடு விழுகிறது, செல்கள் அதை நோக்கி நகர்ந்து வந்து, பக்கத்துச் செல்லோடு இருந்த பிடியை விட்டுவிட்டு உள்ளே இறங்குகின்றன. முதலில் இறங்குபவை கீழ்த்தகட்டின் இடத்தைப் பிடித்து அக அடுக்கு ஆகின்றன, அப்புறம் வருபவை இடையில் பரவி நடு அடுக்கு ஆகின்றன. இறங்காமல் மேலேயே நின்றவை புற அடுக்கு. ஆக மூன்றுக்கும் தாய் அந்த மேல்தகடுதான். புத்தகத்தில் மூன்று நிறப் பட்டைகளாகப் போட்டுவிடுவதால் இந்த ஓட்டம் மாணவர்கள் கண்ணில் படாமலே போவது எனக்குப் பெரிய குறை.

இரண்டே அடுக்குகள் கொண்ட ஹைட்ரா என்ற சின்ன நீர்வாழ் உயிரியிலும் நடுவில் ஏதோ இருக்கிறதே?

அது மீசோகிளியா, வெறும் கூழ். திசு அடுக்கு அல்ல.

எலும்பு, தசை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடு அடுக்கு என்று எழுதலாமா?

பெரும்பாலும் சரி. இதயம், ரத்தம், சிறுநீரகம்கூட அதிலிருந்துதான். ஆனால் முக எலும்புகளில் பெரும்பகுதி புற அடுக்கிலிருந்து பிரிந்து வரும் நரம்பு முகட்டுச் செல்களால் ஆனது. கண்மணியைச் சுருக்கி விரிக்கும் தசைகளும் புற அடுக்குதான்.

நடு அடுக்கிலிருந்து உறுப்புகள் உருவாவதை நேரில் பார்க்க வழி உண்டா?

உண்டு, கோழி முட்டை. இரண்டு நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டில் சின்ன சன்னல் வெட்டி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். முதுகுக் கோட்டின் இரண்டு பக்கமும் மணி கோத்த மாதிரி சிறு கட்டிகள் தெரியும். நடு அடுக்கு துண்டுபட்டு வந்த அவைதான் சோமைட்டுகள், பின்னால் முதுகெலும்பும் முதுகுத் தசையும் ஆகப்போகிறவை. கோழியில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி என்று தலைப்பக்கமிருந்து வால்பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். பக்கத்திலேயே இதயம் துடித்துக்கொண்டிருக்கும். முதல்முறை பார்த்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, கருத்தரிக்க நினைக்கிறோம். கருவில் அடுக்குகள் பிரியும் கட்டத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா?

உண்டு, தள்ளிப்போடாமல் கவனியுங்கள். அடுக்குகள் பிரியும் நேரத்தில் மாதவிலக்கு தள்ளிப்போனதே அப்போதுதான் தெரிந்திருக்கும், அல்லது அதுவும் தெரிந்திருக்காது. கட்டுக்கு வராத சர்க்கரை, குழந்தையின் இதயத்தையும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியையும் பாதிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அதனால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குவது இரண்டையும் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிச் செய்துவிடுங்கள்.