பல்ல எண்ணாதீங்க, கண்ண எறக்குங்க

கே: கருப்பு டெனிம் ஜாக்கெட் ஒன்னு சும்மா கெடக்கு, முதுகுல பெருசா ஒரு மண்டை ஓடு வரையலாம்னு ஆசை. வீட்ல இருக்கிற சாதா அக்ரிலிக் போதுமா, இல்ல துணிக்குன்னே விக்கிற பெயிண்ட் வாங்கணுமா?

ப: அக்ரிலிக்கே போதுங்க, ஆனா அத மட்டும் தனியா அடிச்சீங்கன்னா காஞ்சதும் பலகை மாதிரி வெறைச்சுக்கும், அப்புறம் துணி மடங்குற இடத்துல எல்லாம் கோடு கோடா வெடிக்கும். ஃபேப்ரிக் மீடியம்னு தனி பாட்டில் கிடைக்கும், அத கலந்துக்கங்க. எவ்வளவு கலக்கணும்ங்கிறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், பாட்டில்லயே போட்டிருப்பாங்க. மொதல்ல ஜாக்கெட்ட ஒரு தடவை துவைங்க, வாசனைக்காக ஊத்துற கண்டிஷனர் மட்டும் வேணாம், அதுவும் சரி புதுத்துணியில இருக்கிற கஞ்சியும் சரி பெயிண்ட்ட பிடிக்க விடாது. உள்ள ஒரு அட்டைய சொருகிட்டு ஆரம்பிங்க, இல்லேன்னா முதுகுல அடிச்சது முன்பக்கம் வரைக்கும் ஊறிடும்.

கருப்பு துணியில வெள்ளை ஒரே கோட்ல எடுபடாது, சாம்பலாத்தான் தெரியும். உடனே கெட்டியா அப்பிடாதீங்க! மொத கோட்ட கொஞ்சம் மொரடான பிரஷ்ஷால நூல் இடுக்குக்குள்ள இறங்குற மாதிரி தேய்ச்சு விடுங்க, காஞ்சதும் ரெண்டாவது, தேவைப்பட்டா மூணாவது, எல்லாம் மெல்லிசா. 24 மணி நேரம் விட்டுட்டு துணிய திருப்பிப் போட்டு உள்பக்கமா அயர்ன் பண்ணுங்க, ஸ்டீம் இல்லாம. இந்த சூடுதான் பெயிண்ட்ட நிக்க வைக்கும், பாதி பேரு இத விட்டுட்டுத்தான் மொத துவையல்லயே உரிஞ்சிடுச்சுன்னு எழுதுறாங்க.

கே: எத்தனை போட்டோ பார்த்து வரைஞ்சாலும் எனக்கு மட்டும் கார்ட்டூனாவே வருது. பயமே வரல, பாக்குறவங்க சிரிக்கிறாங்க. எங்க தப்பு?

ப: பாக்காமயே ரெண்டு தப்பு சொல்றேன், கண்ணும் பல்லும். எல்லாரும் கண்குழிய மேல தூக்கி நெத்தியில வச்சிடுறாங்க. உச்சியில இருந்து தாடை முனை வரைக்கும் அளந்து சரிபாதியில ஒரு கோடு போடுங்க, கண்ணு அங்கதான். மேல பாதி முழுக்க வெறும் நெத்திதான், வரையும்போது என்னடா இவ்ளோ எடம் காலியா கெடக்கேன்னு தோணும், தோணட்டும், கைய வைக்காதீங்க. இன்னொன்னு, கண்குழி வட்டம் கிடையாது. மூலை மழுங்கின சதுரம், அதுவும் வெளி ஓரம் கொஞ்சம் கீழ தொங்கும். அந்த தொங்கலக் கொண்டு வந்தாலே மூஞ்சிக்கு ஒரு சோகம் வந்துடும், சிரிப்பு நின்னுடும். மூக்கு ஓட்டைக்கு ஹார்ட்டின் படத்த தலைகீழா கவுத்துப் போடுங்க, கிட்டத்தட்ட அதான் ஷேப்.

அடுத்து பல்லு. மொத்தம் 32ன்னு படிச்சதுக்காக 32ஐயும் வரிசையா கட்டம் கட்டி வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் காமெடி ஆயிடுது. நேரா பாக்கும்போது முன்னாடி இருக்கிற கொஞ்சம் பல்லுதான் தெளிவா தெரியும், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கி இருட்டுல போயிடும். ஒவ்வொரு பல்லச் சுத்தியும் கோடு இழுக்காம, ரெண்டு பல்லுக்கு நடுவுல வேர்ப்பக்கம் மட்டும் ஒரு சின்ன கருப்பு கீத்து போட்டு விடுங்க. மண்டை ஓட்டுல இருக்கிற 22 எலும்புல அசையிறது கீழ்த்தாடை ஒன்னுதான், அது தனியா கழண்டு வர்ற எலும்பு, அதனால வரைய வரலேன்னா அத விட்டுடுங்க, மேல்வரிசைப் பல்லோட நிறுத்தினா யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

உங்க துணி கருப்பா இருந்தா இன்னும் சுலபம். எலும்ப மட்டும் பெயிண்ட் பண்ணுங்க, குழிய தொடாதீங்க, துணியே குழி. மேல கருப்பு பெயிண்ட் அடிச்சு குழி காட்டுறத விட இது எனக்கு எப்பவுமே பிடிக்கும்.

கே: லெதர் ஜாக்கெட்ல இதே முறை சரிவருமா?

ப: வராது. நெஜ லெதர் மேல ஒரு பளபள கோட்டிங் இருக்கும், பஞ்சுல அசிட்டோன் தொட்டு வரையப்போற எடத்துல மட்டும் தொடச்சு அத எடுக்கணும், அப்புறம் லெதருக்குன்னே வர்ற பெயிண்ட், அத காக்க மேல ஃபினிஷர்னு ஒரு கோட். அயர்ன் பக்கமே போகாதீங்க. ரெக்சின்னா அசிட்டோன் கூடவே கூடாது, மேல்தோலே கரைஞ்சு கையோட வந்துடும். எதுவா இருந்தாலும் உள்மடிப்புல ஒரு சின்ன எடத்துல டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

கே: வீட்ல ஜாக்கெட்ட பாத்துட்டு அபசகுனம், கழட்டி எறின்னு ஒரே சத்தம். என்ன பதில் சொல்றது?

ப: மெக்சிகோவுல இறந்தவங்க நாள் கொண்டாடும்போது சர்க்கரையிலயே மண்டை ஓடு செஞ்சு பூவெல்லாம் போட்டு அலங்கரிப்பாங்க, 1913ல இறந்துபோன போசாதாங்கிற ஓவியர் பெரிய தொப்பி போட்ட எலும்புக்கூட்டம்மாவ வரைஞ்சு பணக்கார பந்தாவக் கிண்டல் அடிச்சிருக்கார். ஹோல்பைன்னு இன்னொரு ஓவியர் 1533லயே ரெண்டு பெரிய மனுஷங்க காலடியில ஒரு மண்டை ஓட்ட இழுத்து சாய்ச்சு வரைஞ்சு வச்சார், பக்கவாட்டுல நின்னு பாத்தாத்தான் அது என்னன்னே தெரியும். இதெல்லாம் சொல்லிப் பாருங்க, கேக்கலேன்னா மண்டை ஓட்டச் சுத்தி நாலு ரோஜாவ வரைஞ்சிடுங்க, அதுக்கு மேல நான் சண்டைக்கு வரல.

ஆனா எல்லா மண்டை ஓடும் அப்பாவி இல்ல. ஹிட்லரோட எஸ்எஸ் படை தொப்பியில குத்தியிருந்த டிசைன நெட்ல பாத்து தெரியாம காப்பி அடிச்சிடாதீங்க, எடுத்த படம் எங்கிருந்து வந்ததுன்னு ஒரு தடவை தேடிட்டு வரைங்க. அதே மாதிரி முதுகுல மேல வளைவா எழுத்து, நடுவுல மண்டை ஓடு, கீழ வளைவா இன்னொரு எழுத்துன்னு அமைக்காதீங்க, பைக் கிளப்காரங்க தங்க மெம்பருக்கு மட்டும் குடுக்கிற அமைப்பு அது, சில எடத்துல வம்பாயிடும்.

கே: மழை ஜாக்கெட்ல எம்ப்ராய்டரி போடலாமா?

ப: ஊசி குத்தின ஓட்டை ஒவ்வொன்னு வழியாவும் தண்ணி இறங்கும். வேணாம்.

கே: பெயிண்டே இல்லாம பிளீச் வச்சு வரையிறாங்களே, அது எப்படி?

ப: நல்லா வரும், காட்டன்ல மட்டும். பாலியஸ்டர்ல பெரும்பாலும் ஒன்னும் ஆகாது, கம்பளியும் பட்டும் அரிச்சே போயிடும். கருப்பு துணி பளிச்சுன்னு வெள்ளையாகும்னு நெனைக்காதீங்க, துரு கலர்லதான் நிக்கும், மண்டை ஓட்டுக்கு அந்த பழைய எலும்பு கலர் வெள்ளைய விட நல்லாவே இருக்கும். முடி பிரஷ் வேணாம், பிளீச் முடியக் கரைச்சிடும், நைலான் பிரஷ் எடுங்க. கையில கிளவுஸ், ஜன்னல் தொறந்து இருக்கணும். வேணும்ங்கிற கலர் வந்ததும் தண்ணியில நல்லா அலசிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணியில முக்குனா பிளீச் வேலை நின்னுடும். வினிகர் ஊத்துனாலும் நிக்கும்னு சிலர் சொல்லுவாங்க, கேக்காதீங்க, பிளீச்சும் வினிகரும் சேந்தா குளோரின் வாயு வரும்.