ஜீரோ பிரீமியம் பிளானா, மெடிகேப்பா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் இருக்கிறோம். 2026 செப்டம்பரில் எனக்கு 65 வயது நிறைகிறது, மெடிகேர் (முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு) கிடைக்கப் போகிறது. ஆகஸ்ட் கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் கோயம்புத்தூர் போய்ப் பிப்ரவரி கடைசியில்தான் திரும்புவோம். எங்கள் நண்பர் ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மாதப் பிரீமியமே இல்லாத, பல் வைத்தியமும் சேர்ந்த அட்வான்டேஜ் பிளான் எடுக்கச் சொல்கிறார். கூட வேலை பார்த்தவரோ, "அந்தப் பக்கமே போகாதே, மெடிகேப் எடு" என்கிறார். மனைவிக்கு 63 வயது, இங்கே வேலைக்குப் போனதில்லை. எதை எடுப்பது?

பதில்: உங்கள் உடல்நிலை, நீங்கள் இருக்கும் மாநிலம் இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். மாதம் நூற்றுச் சொச்சம் டாலர் கூடுதலாகக் கட்ட உங்களால் முடியும் என்றால் மெடிகேப் எடுங்கள். நண்பர் சொல்லும் பிளான் மோசம் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அந்தப் பிளானுக்கு நீங்கள் எந்த வருடம் வேண்டுமானாலும் போகலாம். மெடிகேப் அப்படிக் கிடைக்காது. அதுவும் ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு.

இரண்டையும் ஒரே கம்பெனிகள் விற்கின்றன, ஒரே ஏஜென்ட்கள் விற்கிறார்கள் என்பதால் பலருக்கும் குழப்பம் வருகிறது. 1965-இல் தொடங்கிய அரசாங்க மெடிகேரில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பார்ட் ஏ, டாக்டர் செலவுக்குப் பார்ட் பி. அட்வான்டேஜ் எடுத்தால், இந்த இரண்டையும் அரசாங்கத்துக்குப் பதிலாக ஒரு தனியார் கம்பெனி நடத்தும். அதன் நெட்வொர்க் (அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள்), அதன் விதிகள். மெடிகேப் எடுத்தால் அரசாங்க மெடிகேர் அப்படியே இருக்கும். அது கொடுக்காமல் விடும் பாக்கியைத் தனியார் கம்பெனி கொடுக்கும். எதை எடுத்தாலும் பார்ட் பி பிரீமியத்தை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும். 2026-இல் அது மாதம் 202.90 டாலர். "ஜீரோ பிரீமியம்" என்பதற்கு, இதற்கு மேல் எதுவும் கட்ட வேண்டாம் என்று மட்டும்தான் பொருள்.

அந்தப் பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். பார்ட் பி-யில் வருடத்துக்கு 283 டாலர் டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நம் பொறுப்பு. அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பார்ட் ஏ டிடக்டிபிள் 1,736 டாலர் தனி. மெடிகேப் வகைகளில் ஒன்றான பிளான் ஜி எடுத்தவர் அந்த 283 டாலரைக் கட்டினால் போதும். மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளில் மீதி எல்லாவற்றையும் பிளான் பார்த்துக்கொள்ளும். பிரீமியம் உதாரணத்துக்கு மாதம் 150 டாலர் என்று வைத்துக்கொண்டால், நல்ல வருடமோ கெட்ட வருடமோ, மருந்து நீங்கலாக உங்கள் கூடுதல் செலவு 2,083 டாலர். அட்வான்டேஜில் நல்ல வருடத்தில் செலவு சில கோபேக்களோடு (ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் கட்டும் சிறு தொகை) முடிந்துவிடும். கெட்ட வருடத்தில், நெட்வொர்க்குக்கு உள்ளேயே, 2026 விதிப்படி 9,250 டாலர் வரை உங்கள் பையிலிருந்து போகலாம். பல பிளான்களில் இந்த வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கும். நண்பரிடம் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் இந்தக் கணக்கு இல்லை. 65 வயதுக்குப் பிறகு பார்ட் பி தொடங்கும் நாளிலிருந்து ஆறு மாதம், எந்த மெடிகேப் கம்பெனியும் உங்களை மறுக்க முடியாது. ஸ்டென்ட், சர்க்கரை என்று காரணம் காட்டிப் பிரீமியத்தைக் கூட்டவும் முடியாது. அந்த ஆறு மாதம் போய்விட்டால், டெக்சாஸ் போன்ற பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவக் கேள்வித்தாளை நிரப்பச் சொல்வார்கள். இதய நோயும் சர்க்கரையும் சேர்ந்திருப்பவரைத் தயங்காமல் மறுக்கும் கம்பெனிகள் உண்டு. நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் மாநிலங்களில் இருப்பவர்களுக்குப் பிற்பாடும் வாங்க வழி இருக்கிறது. பாஸ்டனில் இருக்கும் உறவினர் "அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொன்னால் அது அவர் ஊருக்குச் சரி. பிளேனோவுக்குப் பொருந்தாது.

உங்கள் தேதிகளை இதில் வைத்துப் பார்த்தபோது எனக்கே கவலையாகிவிட்டது. பார்ட் பி செப்டம்பர் 1-இல் தொடங்கினால் ஆறு மாதம் 2027 பிப்ரவரி 28-இல் முடிகிறது. அதில் கடைசி மூன்று மாதம் நீங்கள் கோயம்புத்தூரில்! ஊருக்குப் போய்விட்டு வந்து நிதானமாக முடிவு செய்யலாம் என்று நினைத்திருந்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

நண்பர் ஒன்று சொல்லக்கூடும்: "முதலில் அட்வான்டேஜில் சேருங்கள், பிடிக்கவில்லை என்றால் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடலாம்." அவர் சொல்வது உண்மை. 65 வயதில் தகுதி வந்ததுமே அட்வான்டேஜில் சேர்ந்தவர், முதல் 12 மாதத்துக்குள் அரசாங்க மெடிகேருக்குத் திரும்பினால் கேள்வித்தாள் இல்லாமல் மெடிகேப் வாங்கலாம். ஆனால் பிளானின் குறை தெரிவது பெரிய நோய் வரும்போதுதான். அது முதல் வருடத்திலேயே வரும் என்று யார் சொல்ல முடியும்? 71 வயதில் பைபாஸ் என்று டாக்டர் சொல்லும்போது, திரும்பி வரும் வழி பெரும்பாலும் மூடியிருக்கும்.

அடுத்தது நெட்வொர்க். ஸ்டென்ட் வைத்த கார்டியாலஜிஸ்டிடமே தொடர்ந்து காட்டுகிறீர்களா? அப்படியானால் அவருடைய ஆபீஸுக்குப் போன் செய்து, நண்பர் சொல்லும் பிளானின் முழுப் பெயரையும் சொல்லி, அதை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். கம்பெனி பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே கம்பெனியின் எச்எம்ஓ பிளானுக்கு (பொதுவாக நெட்வொர்க்குக்கு உள்ளே மட்டும்) ஒரு நெட்வொர்க், பிபிஓ பிளானுக்கு (கூடுதல் பணம் கட்டி வெளியேயும் போகலாம்) இன்னொன்று. இந்த வருடம் இருக்கும் டாக்டர் அடுத்த வருடம் நெட்வொர்க்கில் இருப்பார் என்பதற்கும் உறுதி இல்லை. மெடிகேப்பில் இந்த விசாரணையே தேவையில்லை. மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம், எந்த மாநிலத்திலும்.

முன் அனுமதி விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அட்வான்டேஜ் பிளான்கள் ஸ்கேன், ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய மறுவாழ்வு மையம் போன்றவற்றுக்கு முன் அனுமதி கேட்கும். மத்திய சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், மறுக்கப்பட்ட முன் அனுமதிகளில் 13 சதவீதம் மெடிகேர் விதிப்படி கொடுத்திருக்க வேண்டியவை என்று கண்டறிந்தது. நோயோடு படுத்திருப்பவர் எப்படிப் போராடுவார் என்று நினைத்தால் மனசு பதறுகிறது. மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்பவர்கள் மிகக் குறைவு. செய்தவர்களில் பெரும்பாலோருக்கு முடிவு மாறியிருக்கிறது. யாருக்காவது மறுப்புக் கடிதம் வந்தால் சும்மா இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் மாநிலம் பற்றி இன்னொன்று: 2026 ஜனவரியிலிருந்து டெக்சாஸ் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் அரசாங்க மெடிகேரிலும் சில குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு மட்டும் முன் அனுமதியைச் சோதனை முறையில் கொண்டுவந்திருக்கிறார்கள். பட்டியல் சிறியது, உங்கள் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை.

கோயம்புத்தூர் விஷயத்துக்கு வருவோம். அரசாங்க மெடிகேர் இந்தியாவில் செல்லாது. மெடிகேப்பின் பிளான் ஜி, பிளான் என் இரண்டிலும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு உதவி உண்டு: 250 டாலர் டிடக்டிபிளுக்குப் பிறகு 80 சதவீதம், வாழ்நாளில் மொத்தம் 50,000 டாலர் வரை. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் ஏற்படும் அவசரத்துக்கு மட்டும்தான். மூன்று மாதம் இருப்பவர்களுக்கு மூன்றாவது மாதம் வெறுமையாகப் போகும். ஒவ்வொரு முறையும் பயணக் காப்பீடு எடுங்கள். ஏற்கெனவே உள்ள இதய நோய்க்கும் அது பொருந்துமா என்று கேட்டு எடுங்கள். பார்ட் டி மருந்துத் திட்டமும் அங்கே வாங்கும் மாத்திரைக்குப் பணம் தராது. 90 நாள் மருந்தை இங்கேயே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். சில அட்வான்டேஜ் பிளான்களிலும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சை உண்டு, அளவு பிளானுக்குப் பிளான் மாறும். பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து பிளானின் எல்லைக்கு வெளியே இருந்தால் பிளானிலிருந்தே நீக்கிவிடுவார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை; பாதி வருடத்துக்கு மேல் ஊரில் தங்கும் வாசகர்கள் கவனிக்கவும்.

பல் வைத்தியம் கவர்ச்சியானதுதான். மெடிகேப்பில் பல், கண்ணாடி, காது மெஷின் எதுவும் இல்லை. அட்வான்டேஜில் இருந்தாலும் வருடத்துக்கு இவ்வளவு டாலர்தான் என்று வரம்பு இருக்கும். ஒரு ரூட் கெனாலும் கிரவுனும் சேர்ந்தால் அது கரைந்துவிடலாம். இதயத்துக்கான ஏற்பாட்டைப் பல்லை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இதே கேள்வியை வேறொருவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசாங்க ஓய்வூதியம் ஒன்றையே நம்பி இருப்பவருக்கு மாதம் 150 டாலர் என்பது மளிகைச் செலவு. அவர் மெடிகேப் இல்லாமல், உச்சவரம்பில்லாத 20 சதவீதத்தோடு வெறும் அரசாங்க மெடிகேரில் இருப்பதைவிட, நல்ல அட்வான்டேஜ் பிளானில் இருப்பது எத்தனையோ மேல். மெடிகேர் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அட்வான்டேஜில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் இல்லை.

இனி செய்ய வேண்டியவை. ஜூன் 1 முதல் சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் பார்ட் ஏ, பி-க்கு விண்ணப்பிக்கலாம். ஆகஸ்டுக்குள் முடித்துவிட்டால் செப்டம்பர் 1-இல் தொடங்கும். மெடிகேப்புக்கும் அந்தத் தேதியிலிருந்து கேட்டு முன்கூட்டியே விண்ணப்பம் போடுங்கள். பிளான் ஜி என்றால் எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றேதான். அதனால் விலையைப் பாருங்கள், கடந்த சில வருடங்களில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேளுங்கள். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும், அதற்குத் தயாராக இருங்கள். பார்ட் டி-யைத் தனியாக எடுக்க வேண்டும், medicare.gov தளத்தில் உங்கள் மாத்திரைகளின் பெயரைப் போட்டால் எந்தப் பிளானில் மொத்தச் செலவு குறைவு என்று காட்டும். 2026-இல் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உங்கள் செலவு 2,100 டாலரைத் தாண்டாது. இன்சுலின் தேவைப்பட்டால் உங்களிடம் மாதம் 35 டாலருக்கு மேல் வசூலிக்க முடியாது.

கோப்ரா (வேலையை விட்ட பிறகும் பழைய வேலைக் காப்பீட்டை நாமே பணம் கட்டித் தொடர்வது) எடுத்துக்கொண்டு பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதை வேலையில் இருப்பவரின் காப்பீடாகக் கருத மாட்டார்கள். தாமதமான ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பார்ட் பி பிரீமியத்தில் 10 சதவீத அபராதம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. இன்னொன்று, 2026 பார்ட் பி பிரீமியத்துக்கு 2024 வருமானத்தைப் பார்ப்பார்கள். கணவன் மனைவி சேர்ந்து 218,000 டாலருக்கு மேல் காட்டியிருந்தால் கூடுதல் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். வேலையை விட்டுவிட்டேன் என்று எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுத்தால் குறைக்க வாய்ப்பு உண்டு.

ஏஜென்ட் கமிஷன் வாங்குவதில் தவறில்லை. நண்பர் எத்தனை கம்பெனிகளின் பிளான்களை விற்கிறார், மெடிகேப்பும் விற்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெக்சாஸில் ஹைகேப் என்ற இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. அங்கே எதையும் விற்க மாட்டார்கள். மற்ற மாநிலங்களில் ஷிப் என்று கேட்டால் தெரியும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை அவர்களிடம் பேசிவிடுங்கள்.

உங்கள் மனைவிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மெடிகேரில் குடும்பப் பிளான் கிடையாது. உங்கள் வேலைக் காப்பீடு முடிந்ததும் அவருக்குக் கோப்ரா அல்லது healthcare.gov என்ற அரசாங்கத் தளத்தில் வாங்கும் பிளான். இரண்டாவதற்கு, காப்பீடு போனதிலிருந்து 60 நாள் அவகாசம்தான். அவர் வேலை பார்க்காதது பற்றிக் கவலை வேண்டாம்; நீங்கள் பத்து வருடம் வரி கட்டியிருந்தால், 65 வயதில் உங்கள் கணக்கிலேயே அவருக்குப் பார்ட் ஏ இலவசம். அவருக்கும் அப்போது அதே ஆறு மாதம் கிடைக்கும். அவர் உடல்நிலை வேறு, அவருக்கான பதிலும் வேறாக இருக்கலாம். 2028-இல் அவர் முறை வரும்போது எழுதுங்கள்.