புயலுக்குப் பிறகு கிணற்றை இறைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கட தோட்டம் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில், குடத்தனைப் பக்கம். மணல் தரை. மூன்று பரப்பு வெங்காயம் நட்டு 25 நாளில் புயல் அடித்தது. முதலில் வடக்கிலிருந்து வாடைக் காற்று, பிறகு கிழக்கிலிருந்து கொண்டலாகத் திரும்பி ராத்திரி முழுக்க முறித்தது. மணல் அள்ளிய பள்ளம் வழியாகக் கடல் உள்ளே ஏறி, கீழ்ப்பக்கத் தரையில் ஒரு நாள் நின்று வடிந்தது. 60 கதலி வாழையில் 40 விழுந்துவிட்டது, எல்லாம் மேற்கே பார்த்துக் கிடக்கிறது. தென்னை எட்டில் இரண்டு விழுந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். மோட்டரைப் போட்டு முழுக்க இறைத்துவிட்டால் நல்ல தண்ணீர் ஊறும் என்கிறார்கள். இறைக்கலாமா? வெங்காயத்துக்கு யூரியா போட்டால் தேறுமா? பசு இரண்டும் பால் குறைத்துவிட்டன. இன்னொன்று: தொலைக்காட்சியில் அமெரிக்காவில் ஹரிகேன் என்று காட்டுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? கரை கடந்துவிட்டது என்று அறிவித்த பிறகும் மூன்று நாள் மழை நிற்கவில்லையே, அது ஏன்?

பதில்: வணக்கம் தம்பி. முதலில் மோட்டரை நிறுத்துங்கள். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகப் பேசலாம்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. நாம் குடிப்பதும் இறைப்பதும் மாரி மழை மண்ணுக்குள் இறங்கிச் சேர்ந்த தண்ணீர். உங்கள் மணல் தரையில் அந்த நல்ல தண்ணீர் தனியாக நிற்கவில்லை. அடியில் இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனம் கூடியது, அதனால்தான் மிதக்க முடிகிறது. கணக்கு இதுதான்: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே கிட்டத்தட்ட 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்தால், கீழே இருந்து உவர் எவ்வளவு ஏறி வரும்? கிணற்றை வற்ற இறைப்பது அந்த உவரைக் கைகொடுத்து மேலே தூக்குகிற வேலை.

2004 சுனாமிக்குப் பிறகு இதே தவறு நடந்தது. கிழக்குக் கரையில் நல்ல மனதோடு வந்தவர்கள் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தார்கள். பல கிணறுகளில் உப்பு குறையவில்லை, சிலவற்றில் கூடியது. கடைசியில் அவற்றைத் தேற்றியது அடுத்தடுத்து வந்த மழைதான்.

அப்படியென்றால் கிணற்றில் கை வைக்கவே கூடாதா என்றால், அதுவும் இல்லை. உள்ளே விழுந்த குப்பை, இலை, செத்த பூச்சி பிராணி எல்லாவற்றையும் வாளியால் எடுங்கள். அடியில் படிந்த சேற்றையும் எடுக்கலாம். கடல் தண்ணீர் நேராகக் கிணற்று வாயால் விழுந்திருந்தால், சின்ன மோட்டரால் மெதுவாக, ஒரே ஒரு தரம், பாதிக் கிணறு அளவுக்கு இறைத்து நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். மணல் தரையில் இன்று வாய்க்காலில் விட்ட உப்பு நாளைக்கு அதே கிணற்றுக்குள் வந்து நிற்கும். தாழ்வான பக்கமாகத் தூரத்தில் கொண்டுபோய் விடுங்கள். அப்புறம் மழைக்கு விட்டுவிடுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு போத்தலில் மேல் தண்ணீரும், கயிற்றில் கட்டி இறக்கிய இன்னொரு போத்தலில் அடித் தண்ணீரும் எடுத்து, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் உப்பு அளக்கக் கொடுங்கள். மேல் தண்ணீர் முதலில் தேறும். இறைப்புத் தொடங்கும்போது உறிஞ்சு குழாயை அடியில் விடாமல், ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் கானில் கட்டி மேல் தண்ணீரில் மிதக்க விட்டுச் சிறிது சிறிதாக எடுங்கள். குடிக்க மட்டும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சொல்லும் வரை இந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

இனி உங்கள் ஹரிகேன் கேள்வி. ஒரே பிராணிதான், ஊருக்கு ஊர் பேர் வேறு. அத்திலாந்திக் பக்கம் காற்று மணிக்கு 119 கிலோமீற்றரைத் தாண்டினால் ஹரிகேன், சீனா ஜப்பான் பக்கம் டைஃபூன், நமக்குச் சைக்ளோன், தமிழில் சூறாவளி அல்லது புயல். பிறப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான். கடலின் மேல்தண்ணீர் 26, 27 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அதிலிருந்து எழும் நீராவி மேலே போய் மழையாகக் குளிரும்போது, தான் கொண்டுபோன வெப்பத்தை அங்கே விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ள, கீழே அமுக்கம் குறைய, சுற்றுப்புறக் காற்று உள்ளே ஓடி வர, பூமி சுழல்வதால் அந்த ஓட்டம் வளைந்து சுழலாகிறது. நமது அரைக்கோளத்தில் எப்போதும் மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாக. வங்காள விரிகுடாவில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இதற்கு வேண்டிய எல்லாம் கூடிவரும்.

சுழற்சி இந்தப் பக்கம்தான் என்று தெரிந்தால் உங்கள் வாழையையே வாசித்துவிடலாம். வாடையில் தொடங்கிக் கொண்டலுக்குத் திரும்பி, கடைசியில் தெற்கிலிருந்து சோளகமாக ஓய்ந்திருந்தால் புயலின் நடு உங்களுக்குத் தெற்கே, வன்னிப் பக்கமாகப் போயிருக்கிறது. வாடை, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சானாக மாறினால் வடக்கே போகிறது. வாழை மேற்கே பார்த்துக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கொண்டல்தான் முறித்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கொண்டல் என்றால் கிழக்குக் கடலை அப்படியே உங்கள் கரைமேல் தள்ளுகிற காற்று. கடல் ஏறியதற்குக் காரணம் அதுதான். ஒன்றை மனதில் வையுங்கள்: அடித்த காற்று சடுதியாக நின்று வானம் வெளித்தால், முடிந்துவிட்டது என்று வாழைக்கு முண்டு கொடுக்க ஓடாதீர்கள். புயலின் நடுக்கண் தலைக்கு மேலே நிற்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும்.

கரை கடந்த பிறகும் மழை ஏன்? தரைக்கு வந்ததும் நீராவி குறைந்து காற்று தளரும், உண்மை. ஆனால் நமது தீவின் வடக்கு ஒடுக்கமானது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. மறுநாளே மன்னார் வளைகுடாவில் இறங்கி, அங்கே நகராமல் கிடந்து நமக்கு நாள்கணக்கில் மழை கொட்டியது. 1964 மார்கழிப் புயலும் இலங்கையின் வடக்கைக் கடந்த பிறகுதான் தனுஷ்கோடியை அழித்தது. ஆகவே வானொலியில் "கரை கடந்தது" என்றால் ஆபத்துக் கடந்தது என்று எடுக்காதீர்கள்.

மணல் அள்ளிய பள்ளம் வழியாகக் கடல் வந்தது என்கிறீர்கள். அதை வாசித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த மணல் மேடுதான் உங்கள் கடல் அணை, மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கிற தொட்டியும் அதுதான். யார் அள்ளினார்கள் என்று சண்டை பிடிப்பது உங்கள் ஊர்ச் சங்கத்தின் வேலை, நான் பயிரைப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பள்ளத்தின் வாய்க்கு இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் கொண்டுவந்து ஊன்றுங்கள், பின்னால் தாழை வையுங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொன்னவர்கள் மணலைக் கண்டுதான் சொல்லியிருப்பார்கள்.

வெங்காயத்துக்கு வருவோம். யூரியா வேண்டவே வேண்டாம். வேர் மூச்சு முட்டி, உப்பில் வெந்து கிடக்கும்போது யூரியா இன்னொரு உப்பு. கடல் நின்ற கீழ்ப்பகுதியை விட்டுவிடுங்கள். வெங்காயம் உப்புக்கு மிகவும் பயந்த பயிர், இலை நுனி வெளுத்துக் குருத்தும் சரிந்தால் தேறாது. மழைத்தண்ணீர் மட்டும் நின்ற மேல்பகுதியைக் காப்பாற்றலாம். வாய்க்காலை வெட்டி வடிய விடுங்கள், ஈரத்தில் மிதிக்காதீர்கள். இலையில் ஊதாப் புள்ளி விழுந்தாலோ, இலை முறுகிச் சுருண்டாலோ அப்படிப்பட்ட செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, மாங்கோசெப் போன்ற பூசணகொல்லியை லேபிலில் உள்ள அளவில் வெயில் பார்த்து அடியுங்கள். புதுக் குருத்து இரண்டு வந்த பிறகு, வேண்டுமானால், பசளையைக் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

கீழ்த் தரையின் உப்பைக் கழுவ மழையை விட்டால் வேறு மலிவான மருந்து இல்லை. ஒரு அடி ஆழ மண்ணில் உள்ள உப்பில் ஐந்தில் நாலு பங்கை, ஒரு அடித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கொண்டுபோய்விடும் என்பது பொதுக் கணக்கு. உங்களது மணல், சீக்கிரம் கழுவுப்படும்; களித்தரைக்காரர்தான் பாவம். செய்ய வேண்டியது, மேலே படிந்த உப்புப் பொருக்கைச் சுரண்டி அப்புறப்படுத்தி, தரையைக் கொத்தி, சுற்றி வரம்பு கட்டி, இனி விழும் மழை ஓடாமல் அங்கேயே இறங்க விடுவது. இவ்வளவும் மார்கழிக்குள் முடிய வேண்டும். தை பிறந்து மழை நின்றால் வெயில் உப்பை மறுபடி மேலே இழுக்கும். அதனால் மழை ஓய்ந்ததும் பூவரசங் குழையோ வைக்கலோ பரப்பி மண்ணை மூடுங்கள்.

திரும்ப நடலாமா என்று பார்க்க ஒரு பிடி பயறு போட்டுப் பாருங்கள். பயறு ஒழுங்காக முளைத்து, பத்து நாளில் இலை கருகாமல் நின்றால் மண் ஓரளவு தேறிவிட்டது. அதற்குப் பிறகும் முதல் போகத்துக்கு வெங்காயம் வேண்டாம், பீற்றூட் போடுங்கள். அது உப்பைத் தாங்கும், முளைக்கிற நாட்களில் மட்டும் நல்ல தண்ணீர் கேட்கும். விதை வெங்காயம் விற்கிற விலையில் சந்தேகமான தரையில் அதை ஊன்றுவது சூதாட்டம்.

வாழையைத் தறிக்க முன், விழுந்து கிடக்கிறபடியே படம் எடுங்கள். கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும் பதிந்த பிறகு கத்தியை எடுங்கள். துப்புரவாக்கிய தோட்டத்துக்கு நட்ட ஈடு கேட்பது கடினம். முக்கால் முற்றிய குலையை வெட்டிப் பழுக்க வையுங்கள், பிஞ்சைக் கறிக்காய்க்கு விடுங்கள். வேரோடு சாய்ந்ததை அப்புறப்படுத்துங்கள். நடுவில் முறிந்தது குலை போட்ட மரமாக இருந்தால் அதற்கு இனி வேலை இல்லை. தறித்து, பக்கத்தில் ஒரு நல்ல வாள் குட்டியை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிண்டி எடுங்கள். கடல் நின்ற இடத்துக் குட்டிகளைக் கொண்டுபோய் வேறு தரையில் நடாதீர்கள்.

தென்னை உப்பைத் தாங்கும், நிற்கிற ஆறும் தேறும். பயம் வண்டுக்குத்தான். காயம்பட்ட தென்னையின் வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். விழுந்து உக்குகிற குற்றியில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். தென்னையின் தலை வட்டில் அடைந்த மணலையும் முறிந்த மட்டையையும் எடுத்துவிட்டு, வெட்டுக்காயத்தில் தார் பூசுங்கள். விழுந்த இரண்டையும் பிளந்து எரித்துவிடுங்கள் அல்லது மரமாக விற்றுவிடுங்கள். கொல்லையில் கிடக்க விட்டால் அடுத்த வருடம் அயலட்டைத் தென்னைக்கெல்லாம் நீங்கள்தான் வண்டு வளர்த்தவராவீர்கள்.

பசுக்கள் பால் குறைத்தது குளிரும் உவர்த் தண்ணீரும் சேர்ந்துதான் இருக்கும். குளிரைச் சின்னதாக எண்ணாதீர்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நமது தரையைத் தொடாமல் மாமல்லபுரத்துப் பக்கம் போனது; அந்தக் குளிர் காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. மெலிந்த மாடும் வெளியில் நின்ற மாடும்தான் கூடப் போயின. கொட்டிலின் கொண்டல் பக்கத்தைச் சாக்கால் மறையுங்கள், நிலத்தில் காய்ந்த வைக்கல் போடுங்கள், இரவில் கூட ஒரு கட்டு வைக்கல் வையுங்கள். அசைபோடும் மாட்டுக்கு உடம்பு சுடும். குடிக்க மழைத்தண்ணீர் பிடித்துக் கொடுங்கள். கடல் நின்ற புல்லில் இரண்டு மூன்று மழை படும்வரை மேய்க்க வேண்டாம். விழுந்த வாழைத் தண்டைச் சின்னதாக நறுக்கி வைக்கலோடு கலந்து கொடுக்கலாம், தனியாகக் கொடுத்தால் வயிறு தண்ணீராகும். காய்ச்சலோடு தொண்டை வீங்கி மூச்சு இழுத்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். விடியட்டும் என்று பார்க்காமல் அப்போதே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

நீங்களும் வெறுங்காலோடு அந்தச் சேற்றில் இறங்க வேண்டாம். 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களை எடுத்தது. சப்பாத்துப் போடுங்கள், காலில் வெடிப்பு இருந்தால் மூடிக் கட்டுங்கள். காய்ச்சலும் தசை நோவும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், தோட்டத்து வெள்ளத்தில் நின்றேன் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கிணற்றுத் தண்ணீரின் இரண்டு போத்தல் அளவும் கிடைத்ததும் எழுதுங்கள். எந்தப் பரப்பில் பீற்றூட், எதைச் சும்மா விடுவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.